வைஃபை முழுசா இருக்கு, நெட் மட்டும் இல்லை: ஒரு ரூட்டருடன் 2 ஆண்டுகள்

2023 ஜூன், பள்ளிக்கூடம் திறந்த வாரம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆன்லைனில் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். பழைய காலத்து வீடு, சுவரெல்லாம் நல்ல கனம். கேபிள்காரர் கீழே கூடத்தில் பொருத்திவிட்டுப் போன ஃபைபர் மோடத்தின் வைஃபை, மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் அறுந்துபோகும். தனியாக ஒரு நல்ல ரூட்டர் வாங்கி மாடிப்படி ஓரத்தில் வைத்துவிடலாம் என்று முடிவு செய்து, இரண்டு பேண்டும் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள்) 1000 எம்பிபிஎஸ் வரை போகும் ஜிகாபிட் போர்ட்டும் உள்ள ஒன்றை வாங்கினேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எனக்கு வந்த சிக்கல் எந்த ரூட்டரிலும் வரக்கூடியது. அதனால்தான் எழுதுகிறேன்.

மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து (வீட்டுக் கருவிகளை மாட்டும் துளை) ஒரு கேபிளை எடுத்து ரூட்டரின் வேன் போர்ட்டில் (வெளி நெட் உள்ளே வரும் துளை) செருகினேன். செல்போனில் புதிய வைஃபை பெயர் வந்தது, பாஸ்வேர்டு கொடுத்தேன், கோடுகள் முழுசாக நின்றன. கீழே ஒரு வரி: 'இணைய இணைப்பு இல்லை.' மூன்று நாள் அந்த வரி போகவில்லை. அந்த மூன்று நாளும் செல்போன் டேட்டாவை வைத்துத்தான் வகுப்பு எடுத்தேன். இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருக்கும்போது படம் உறைந்துபோய், பிள்ளைகள் "மிஸ், கேக்கல" என்று எழுதிக்கொண்டே இருப்பார்கள்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், "மேடம், மோடத்தை ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க" என்றார்கள். செய்தேன். என் தம்பி வந்து ரூட்டரின் பின்னால் இருக்கும் ரீசெட் துளையில் ஊசியை வைத்து அழுத்தினான். அடுத்து மோடத்துக்குக் கை போனபோது நல்லவேளை தடுத்துவிட்டேன். புது ரூட்டரை ரீசெட் செய்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. மோடத்தை ரீசெட் செய்தால் கேபிள்காரர் அதில் பதிந்து வைத்திருக்கும் யூசர்நேம், பாஸ்வேர்டு உட்பட எல்லாம் அழிந்துவிடலாம், அப்புறம் இருக்கிற நெட்டும் போய்விடும். வீட்டில் யார் ஆர்வமாக உதவ வந்தாலும் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

நான்காம் நாள் காலையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். ஒரு கணக்கில் விடை தப்பினால் வரிவரியாகத் திரும்பிப் போய், எந்த வரியில் பிசகியது என்று பார்க்கத்தானே பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அதையே இங்கேயும் செய்தேன். வைஃபை என்பது என் செல்போனுக்கும் ரூட்டருக்கும் நடுவே உள்ள தொடர்பு, அவ்வளவுதான். ரூட்டரிலிருந்து மோடம், மோடத்திலிருந்து தெருக் கம்பம், அதற்கப்பால்தான் இன்டர்நெட். கோடு முழுசாக இருக்கிறது என்றால் முதல் கண்ணி சரியாக இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம்.

மோடத்தின் விளக்குகளைப் பார்த்தேன். ஃபைபர் இணைப்பைக் காட்டும் பிஓஎன் விளக்கு பச்சையாக, சிமிட்டாமல் நின்றது. ஒளி வரவில்லை என்று எச்சரிக்கும் எல்ஓஎஸ் விளக்கு அணைந்திருந்தது. அது சிவப்பாக எரிந்தால்தான் வெளி லைனில் கோளாறு. ஆக, கம்பம் வரை குறையில்லை. அடுத்து ரூட்டரிலிருந்து கேபிளைக் கழற்றி நேராக லேப்டாப்பில் செருகினேன். இரண்டு விநாடியில் நெட் வந்தது. மோடமும் நல்லது, கேபிளும் நல்லது. மூன்று நாளாகக் கேபிள்காரரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தது நியாயமில்லை.

லேப்டாப் மோடத்தில் இருக்கும்போதே, மோடத்தின் அடியில் ஒட்டியிருந்த முகவரியை பிரவுசரில் அடித்தேன்: 192.168.1.1. மோடத்தின் பக்கம் வந்தது, சாம்பல் நிறத்தில். அப்புறம் மோடத்தையும் ரூட்டரையும் பழையபடி இணைத்து, லேப்டாப்பை ரூட்டரில் செருகி, ரூட்டரின் அடியில் இருந்த முகவரியை அடித்தேன். 192.168.1.1. இப்போது வந்தது நீல நிறத்தில் ரூட்டரின் பக்கம். ஒரே எண், இரண்டு வேறு திரைகள்.

நீலத் திரையில் இன்டர்நெட் நிலவரம் என்ற பகுதிக்குப் போனேன். ரூட்டருக்கு மோடம் கொடுத்திருந்த முகவரி 192.168.1.7. அதற்குக் கீழே கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல்: 192.168.1.1. அந்த வரியைத்தான் நோட்டில் அடிக்கோடிட்டேன்.

எங்கள் ஊர்க் கதவுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எழுதியிருக்கும். என் பழைய எண்ணும் நாலு வீடு தள்ளி இருப்பவரின் புதிய எண்ணும் ஒன்றாக இருந்தால், கூரியர் தம்பி அவருடைய பார்சலை என்னிடம் நீட்டுவார். இங்கே நடந்ததும் அதுதான். "வெளியே போக வேண்டுமானால் 192.168.1.1-இடம் கொடு" என்று மோடம் சொல்கிறது. அந்த எண் தன்னுடையது தானே என்று ரூட்டர் எல்லாவற்றையும் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. வெளியே எதுவும் போகவில்லை. யாரிடமும் பழுதில்லை, எண்தான் மோதியது. இந்த மோதலைத் தானாகக் கண்டுபிடித்து எண்ணை மாற்றிக்கொள்ளும் ரூட்டர்களும் உண்டு. என்னுடையது மாற்றிக்கொள்ளவில்லை.

ரூட்டரின் லேன் அமைப்புக்குப் போய் 192.168.1.1 என்பதை 192.168.50.1 என்று மாற்றிச் சேமித்தேன். அது அணைந்து எழுந்தது. செல்போனில் அந்த வரி மறைந்தது. மொத்த வேலையும் ஒரு நிமிடம்கூட இல்லை.

ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு, அதாவது வைஃபையை மட்டும் பரப்பும் நிலைக்கு, மாற்றியிருந்தாலும் பிரச்சினை தீர்ந்திருக்கும். அப்போது முகவரி கொடுக்கும் வேலை முழுவதும் மோடத்திடமே இருக்கும். வைஃபை எட்டினால் போதும் என்பவர்களுக்கு அதுதான் சுலபம், அதையே செய்யுங்கள். நான் செய்யாததற்குக் காரணம், ராத்திரி பத்து மணிக்கு மேல் என் பிள்ளைகளின் செல்போனுக்கு நெட்டை நிறுத்தும் வசதி ரூட்டராக இருக்கும்போதுதான் இதில் வேலை செய்கிறது.

அன்று முதல் நெட் நின்றால் லேப்டாப்பில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் வரிசையாக பிங் அடிக்கிறேன், அதாவது ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கிறேன். முதலில் ரூட்டரை, அடுத்து மோடத்தை, அதன்பின் இன்டர்நெட்டில் இருக்கும் கூகுளின் 8.8.8.8, கடைசியில் ஏதாவது ஒரு தளத்தின் பெயரை. எங்கே பதில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. 8.8.8.8 பதில் சொல்லி, தளத்தின் பெயருக்கு மட்டும் பதில் இல்லை என்றால் டிஎன்எஸ், அதாவது பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையில் சிக்கல். ரூட்டரில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, 1.1.1.1 என்று போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். லேப்டாப்புக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால், அதற்கு யாருமே முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷன் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் போனது. மேட்டுப்பகுதி என்பதால் எங்கள் தெரு தப்பித்தது, ஆனால் கரண்ட் வந்தபோது மோடத்தில் எல்ஓஎஸ் சிவப்பாக எரிந்தது. இந்த முறை ரூட்டர் பக்கமே போகவில்லை. எல்ஓஎஸ் சிவப்பு என்று மட்டும் கேபிள்காரருக்குச் செய்தி அனுப்பினேன். அவர்கள் ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆறாம் நாள் ஃபைபர் தம்பி வந்தார்.

பச்சைத் தலை கனெக்டரைக் கழற்றி, கையடக்க மீட்டரில் செருகிக் காட்டினார். வந்து சேரும் ஒளியின் பலம், டிபிஎம் என்ற அளவில், மைனஸ் 31. "மைனஸ் 27 தாண்டிட்டா மோடம் எடுக்காதுக்கா" என்றார். இந்த அளவில் 10 குறைந்தால் ஒளி பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பதை நான் மடக்கைக் கணக்காகத்தான் புரிந்துகொண்டேன். கம்பத்துக்குப் போய், முறிந்த கொப்பு விழுந்து நசுங்கிய இடத்தை வெட்டினார். தலைமுடி போன்ற இழையைச் சீவி, துடைத்து, ஒட்டும் இயந்திரத்தின் மூடிக்குள் இரண்டு முனைகளையும் எதிரெதிரே வைத்தார். சின்னத் திரையில் இரண்டு தடிகள் மெல்ல நெருங்கி, ஒரு பொறி தெறித்து, ஒரே தடியாயின. திரும்பி வந்து மீட்டரில் பார்த்தால் மைனஸ் 21. கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கக் கூடாது, அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். சாப்பிடக்கூட நேரமில்லாமல் அடுத்த தெருவுக்குக் கிளம்பிய அந்தத் தம்பியை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

2024 மே மாதம் கோடை இடியில் மோடம் போனது. புதிய மோடத்தை பிரிட்ஜ் முறையில் பொருத்தினார்கள். அதாவது, இதுவரை மோடம் செய்த லாகின் வேலை ரூட்டரின் தலையில் வந்தது. மறுபடியும் அதே காட்சி: வைஃபை முழுசு, நெட் இல்லை. ரூட்டரில் பார்த்தால் வேன் முகவரி 0.0.0.0. டைனமிக் ஐபி (தானாக முகவரி வாங்கும் முறை) என்றிருந்ததை பிபிபிஓஇ (லாகின் செய்து இணையும் முறை) என்று மாற்றி, நோட்டில் எழுதி வைத்திருந்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்தேன். அப்போதும் ஏறவில்லை. என் கணக்கு பழைய மோடத்தின் மேக் முகவரியோடு, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணோடு, கட்டப்பட்டிருந்தது. கேபிள்காரருக்குப் போன் செய்து, "அண்ணாச்சி, மேக் பைண்டிங்கை எடுத்துவிடுங்க" என்றதும் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டார். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போன் பேச்சு எவ்வளவு சுருங்குகிறது! யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் இணைப்பு வாங்கும் அன்றைக்கே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டே 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினேன். ஸ்பீடு டெஸ்ட் 94-ஐத் தாண்டவில்லை, எத்தனை முறை பார்த்தாலும் அதே 94. இப்படி 100-க்குச் சற்றுக் கீழே ஒரே இடத்தில் நின்றால் கேபிளையும் போர்ட்டையும் சந்தேகப்படுங்கள். ஜிகாபிட்டுக்குக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகளும் வேண்டும், நூறுக்கு நான்கு போதும். என் கேபிளின் முனையில் ஒரு கம்பி சரியாகப் பதியவில்லை. கேட் 6 கேபிள் மாற்றியதும் 190 வாக்கில் வந்தது. புதிதாக ரூட்டர் வாங்குபவர்கள் அட்டைப்பெட்டியில் ஏசி 1200 என்று இருப்பதை நம்பி வாங்க வேண்டாம். அது 2.4 கிகாஹெர்ட்ஸின் 300-ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 867-ஐயும் கூட்டிச் சொல்லும் கணக்கு. போர்ட் 100-தான் என்றால் வெளியிலிருந்து அதற்கு மேல் வராது.

ஆயுதபூஜைக்கு வீட்டைத் துடைத்தபோது அத்தை இரண்டு அடாப்டரையும் கழற்றி மாற்றி மாட்டிவிட்டார்கள். ஊசி ஒன்றுபோலவே இருக்கிறது. மோடத்துடையது 12 வோல்ட் அரை ஆம்பியர், ரூட்டருக்குத் தேவை 12 வோல்ட் ஒரு ஆம்பியர். விளக்கெல்லாம் எரியும், வகுப்பு சூடுபிடிக்கும் நேரத்தில் ரூட்டர் அணைந்து எழும். கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. வோல்ட் ஒன்றாக இருந்ததால் சேதமில்லாமல் போனது. இப்போது இரண்டிலும் பெயர் எழுதிய டேப் ஒட்டியிருக்கிறேன்.

2 ஆண்டில் ரூட்டர் தன் சொந்தக் குறையால் ஒருநாளும் நிற்கவில்லை. மாடி அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் திடமாக வருகிறது, வகுப்பு அறுவதில்லை. அடுக்களைக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் மட்டும் இரண்டு சுவர் தாண்டுவதால் 2.4 மட்டுமே எட்டுகிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுவரோரமாக ஒரு கேட் 6 கேபிளை அங்கே இழுத்துவிடச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் பேசி வைத்திருக்கிறேன். நீளம் அளந்தாயிற்று, 14 மீட்டர்.