லயனல் தகர ரயிலுக்கு எந்த கபூஸ் பொருந்தும்? பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

அமெரிக்காவின் லயனல் நிறுவனம் அந்தக் காலத்தில் தகரத்தில் செய்த மின்சாரப் பொம்மை ரயில்களைப் பற்றியது இது; 217, 517 போன்றவை அவற்றின் மாடல் எண்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லயனலின் பெரிய தண்டவாள அளவான ஸ்டாண்டர்ட் கேஜில் 200 வரிசைச் சரக்குப் பெட்டிகளை ஓட்டுகிறவர்கள் கடைசியில் 517 கபூஸை மாட்டுங்கள். அதே வரிசையில் வந்த 217 அழகானதுதான். ஆனால் முழு ரயிலோடு சேர்த்துப் பார்த்தால் 517தான் பொருந்துகிறது. அதைவிடச் சிறிய அளவான ஓ கேஜில் 810 வரிசைப் பெட்டிகள் வைத்திருந்தால் 817 தவிர வேறு எதையும் தேட வேண்டாம். நியூஜெர்சியில் எங்கள் வீட்டின் அடித்தளத்தில் இரண்டு அளவு ரயில்களையும் பல ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். அந்தப் பழக்கத்தில் வந்த முடிவு இது.

கபூஸ் என்பது அமெரிக்கச் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி. நம் ஊர்ச் சரக்கு ரயிலின் கார்டு பெட்டி செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்தது. ஆனால் அது வீடு போன்றது. உள்ளே அடுப்பு, படுக்கை, மேசை எல்லாம் உண்டு. கூரைமேல் ஒரு சிறு கூண்டு இருக்கும். அதில் உட்கார்ந்து, முன்னால் போகும் பெட்டிகளின் அச்சுகள் சூடேறிப் புகைகின்றனவா என்று ஊழியர்கள் கண்காணிப்பார்கள். 1980களில் கடைசிப் பெட்டியின் கொக்கியில் மாட்டும் மின்னணுக் கருவி வந்ததும், பெரும்பாலான தடங்களில் கபூஸ் மறைந்துவிட்டது. பொம்மை ரயிலில் மட்டும் அது இல்லாமல் ரயில் முடிந்ததாகவே தோன்றாது. வளைவில் திரும்பிப் போகும்போது கண் கடைசியாகத் தங்குவது அதன்மேல்தான். அதனால்தான் அதன் அளவு தப்பினால் முழு ரயிலும் தப்பிப்போகிறது.

நிஜத்தில் கபூஸ் மற்றப் பெட்டிகளைவிடக் குட்டையானது. 40 அடி மூடு பெட்டிகளுக்குப் பின்னால் 30 முதல் 36 அடி வரையிலான கபூஸ் ஓடியது என்று பொதுவாகச் சொல்லலாம். தகர ரயிலில் இந்த விகிதம் கிடையாது. லயனல் நிறுவனம் ஒரு வரிசை முழுவதற்கும் ஒரே நீளச் சட்டத்தை அச்சில் வெட்டியது. அதன்மேல் தொட்டியை வைத்தால் டேங்கர், கூண்டு வைத்த வீட்டை வைத்தால் கபூஸ். செலவு குறைந்தது, உறுதியும் கூடியது. ஆனால் 814 மூடு பெட்டியும் 817 கபூஸும் ஒரே நீளம், சுமார் எட்டே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். ஓ கேஜுக்கு அமெரிக்காவில் வழங்கும் 1:48 (நிஜத்தின் 48இல் ஒரு பங்கு) அளவில் கணக்குப் போட்டால், அது ஏறத்தாழ 35 அடி. அதாவது 817 கபூஸ் ஏறக்குறைய நிஜ அளவிலேயே இருக்கிறது. குட்டையாகிப்போனது மூடு பெட்டிதான்! 817ஐப் பார்த்து ‘கபூஸ் பெரிதாக இருக்கிறதே’ என்று முகம் சுளிப்பவர்களிடம் இதைத்தான் நான் சொல்வேன்.

இதைச் சரிசெய்யச் சிலர் 810 வரிசைக்குப் பின்னால் சிறிய 657 கபூஸை மாட்டுகிறார்கள். அது ஆறே முக்கால் அங்குலம். நீளத்தை மட்டும் பார்த்தால் நியாயமாகவே தெரிகிறது. நானும் வெகு காலம் அப்படி ஓட்டிப் பார்த்தேன். நிஜத்தில் கபூஸ் குட்டையாக இருந்தாலும், அகலம் மற்றப் பெட்டிகளின் அகலம்தான். 657 எல்லாத் திசையிலும் சிறியது. கூரை ஒரேயடியாகக் கீழே இறங்கிவிடுகிறது, பக்கச் சுவர் உள்வாங்கிவிடுகிறது. வேறு ரயிலின் பெட்டி வழிதவறி வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி தெரிகிறது. நீளம் குறைவதைக் கண் மன்னிக்கும். உயரமும் அகலமும் சேர்ந்து சரிவதை மன்னிக்காது. 657க்கு உரிய இடம் 259-ஈ போன்ற சிறிய நீராவி எஞ்சினும் 650 வரிசைப் பெட்டிகளும்தான். அங்கே அது மிக அடக்கமாகப் பொருந்துகிறது. 27 அங்குல விட்ட வளைவிலும் பக்கவாட்டில் பிதுங்காமல் திரும்பிவிடும்.

ஸ்டாண்டர்ட் கேஜில்தான் விஷயம் சுவையானது. 1926இல் வந்த 200 வரிசைப் பெட்டிகள் பன்னிரண்டரை அங்குலம். அடுத்த ஆண்டு வந்த 500 வரிசை பதினொன்றரை அங்குலம். வித்தியாசம் ஒரே ஒரு அங்குலம். 517ஐ 214 மூடு பெட்டிக்குப் பின்னால் மாட்டினால் விகிதம் 0.92 வருகிறது, 40 அடிப் பெட்டிக்கு 36 அடி கபூஸ் என்றால் 0.9. லயனல் வடிவமைப்பாளர்கள் இதை நினைத்துச் செய்திருக்கமாட்டார்கள். மலிவான ரயில்களுக்காகத்தான் 500 வரிசையைக் கொண்டுவந்தார்கள். ஆனால் விளைவு அற்புதமாக இருக்கிறது. கூரை சற்றே தாழ்கிறது, உடல் சற்றே ஒடுங்குகிறது. வித்தியாசம் தெரிகிறது, உறுத்தவில்லை. என்னுடைய 385-ஈ எஞ்சின் முன்னால், நடுவில் டேங்கரும், அடிவழியாகச் சரக்கைக் கொட்டும் ஹாப்பரும் மூடு பெட்டியும், கடைசியில் 517. இந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை.

217க்கும் நியாயம் செய்ய வேண்டும். 400-ஈ போன்ற பெரிய எஞ்சினுக்குப் பின்னால் நீண்ட ரயில் ஓட்டுகிறவர்களுக்கு அதன் பருமன் தேவைப்படலாம். நண்பர் ஒருவர் அப்படித்தான் ஓட்டுகிறார், நன்றாகவே இருக்கிறது. 42 அங்குல விட்ட வளைவில் சிறிய ரயிலுக்கு மட்டும் அது அதிகம்.

ஓட்டத்தைப் பற்றி. விளக்கு எரியும் கபூஸுக்கு அடியில், நடுத் தண்டவாளத்தில் உருளும் ஒரு சிறு உருளை இருக்கும். மின்சாரம் அதன் வழியாகத்தான் வருகிறது. அந்த உருளையின் அச்சில் தூசி சேர்ந்தால் உருளாமல் தேய ஆரம்பிக்கும். தடம் பிரியும் இடமான பாயிண்டைக் கடக்கும்போது தடுக்கும். கடைசிப் பெட்டிக்குப் பின்னால் இழுப்பு எதுவும் இல்லாததால் அதுதான் முதலில் தடம் புரள்கிறது. பல நாள் ஓட்டாமல் வைத்திருந்தால், ஓட்டுவதற்கு முன் ஒரு துளி எண்ணெய் போதும். பல்பு விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். குறைந்த வோல்டேஜ் பல்பைப் போட்டால் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். கூரைப் பெயிண்ட் உள்பக்கமாகச் சூடேறிக் கொப்புளிக்கும். நான் 18 வோல்ட் பல்பு போட்டு மங்கலாக எரியவிடுகிறேன். ஜன்னலில் தெரியும் மஞ்சள் வெளிச்சம் போதுமானது.

நிறமும் அளவை மாற்றுகிறது. 817 முதலில் மயில்கழுத்து நிற உடலும் கரும்பச்சைக் கூரையுமாக வந்தது. பிறகு சிவப்பு உடலுக்கு மயில்கழுத்து நிறக் கூரை. கடைசியில் மேலும் கீழும் ஒரே சிவப்பு. கூரை வேறு நிறத்தில் இருந்தால் பெட்டி இரண்டாகப் பிரிந்து நீளமாகத் தெரிகிறது. முழுச் சிவப்பு பெட்டியைக் கட்டிப்போட்டுச் சிறிதாகக் காட்டுகிறது. நீளம் உறுத்துகிறவர்கள் முழுச் சிவப்பை வாங்கிப் பாருங்கள், பாதிக் குறை தீர்ந்துவிடும்.

அளவில் எல்லாவற்றையும்விடத் துல்லியமானது 1940இல் வந்த 717. 1937இன் 700-ஈ ஹட்ஸன் எஞ்சினுக்குத் துணையாக நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே பெயரில் வந்தது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் பித்தளைத் தகடும் பளபளக்கும் எனாமலும் கொண்ட 810 வரிசைக்குப் பின்னால் அதை மாட்டக் கூடாது. அதன் அடக்கத்துக்கு முன்னால் மற்றப் பெட்டிகள் பொம்மையாகிவிடும், மற்றவற்றின் பகட்டுக்கு முன்னால் அது வெளிறிப்போகும். அதை அதன் குடும்பத்தோடு மட்டும் ஓட்ட வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். பென்சில்வேனியாவின் யார்க் நகரில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடக்கும் பெரிய ரயில் சந்தையில் இந்தப் பெட்டிகளைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். படத்தைப் பார்த்து வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல். பெட்டியைத் திருப்பிப் பிடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். உடலைச் சட்டத்தோடு சேர்ப்பது மடக்கிய தகர நாக்குகள். ஒவ்வொரு முறை நிமிர்த்தி மடக்கும்போதும் அவை பலமிழக்கும். வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் யாரோ பலமுறை கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். ஜன்னல் சட்டங்களின் பின்புறம் வரை புதுப் பெயிண்ட் வழிந்திருந்தால் அது மறு வண்ணம்; ஓட்டுவதற்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம், பழைய வண்ணத்தின் விலையை மட்டும் கொடுக்காதீர்கள். பிறகு பெட்டியைத் தட்டையான மேசைமேல் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்துங்கள். எதிர் மூலை தூக்கினால் சட்டம் முறுக்கியிருக்கிறது. அது வளைவில் கட்டாயம் தடம் புரளும். வேறு பெட்டியைப் பாருங்கள்.