ஷாம்பு: சரமா, பாட்டிலா?

எங்கள் வீட்டில் ஐந்து தலைகள். மகளுக்கும் எனக்கும் நீள முடி, மாமியாருக்குச் சின்னக் கொண்டை, மகனுக்கும் அவன் அப்பாவுக்கும் ஒட்ட வெட்டிய தலை. மாதச் சாமான் பட்டியலில் ஷாம்புச் செலவு ஏறிக்கொண்டே போனதால், பெரிய பாட்டில், ஒரு ரூபாய் பாக்கெட் சரம், சீயக்காய், செம்பருத்தி இலையைக் கசக்கி எடுக்கும் வழுவழுப்பான தாளி என்று எல்லாவற்றையும் வீட்டில் ஓடவிட்டுப் பார்த்தோம். இப்போது நிற்பது சரத்தில்தான். கண்டிஷனர் விஷயத்தில் மட்டும் முடிவு வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது அரிசிக்கும் பருப்புக்கும் சரி. நம் நாட்டில் ஷாம்புவுக்கு அது தலைகீழ். 2025 செப்டம்பர் 22 அன்று ஷாம்புவுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது, கிளினிக் பிளஸ் 355 மில்லி பாட்டிலின் விலை 393 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு இறங்கியது. இறங்கிய பிறகும் ஒரு மில்லி கிட்டத்தட்ட 96 பைசா. ஒரு ரூபாய் பாக்கெட்டில் ஐந்தாறு மில்லி இருக்கும், அதாவது மில்லி இருபது பைசாவுக்குள். பாட்டிலைப் பாதி விலைத் தள்ளுபடியில் வாங்கினாலும் மில்லிக்கு 48 பைசா ஆகிறது. கடலூர்க்காரர்கள் தொடங்கிவைத்த பாக்கெட் போட்டி இது. 1983-இல் சிக் ஷாம்புவோடு இறங்கிய சி.கே. ரங்கநாதன் பிற்பாடு ஐம்பது பைசாவுக்கே பாக்கெட் விற்றார். ஒரு நாணயத்துக்கு ஒரு பாக்கெட் என்று மக்கள் பழகிவிட்டதால் அந்த விலையை யாரும் எளிதில் ஏற்ற முடிவதில்லை. வேறு பெயரில் வரும் ஷாம்பு வாங்குபவர்கள் பாட்டிலின் பின்பக்கம் பார்த்தால் ஒரு மில்லி எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். அதைப் பாக்கெட்டோடு ஒப்பிட்டால் போதும்.

உள்ளே இருப்பது ஒரே சரக்குதானா என்று கேட்பார்கள். ஒரே பெயர், ஒரே வகையில் பாட்டிலையும் பாக்கெட்டையும் மாற்றி மாற்றிப் போட்டதில் எங்கள் தலைக்கு வித்தியாசம் தெரியவில்லை. எல்லாப் பெயருக்கும் இதையே சொல்ல மாட்டேன்.

ஆனால் என்னைச் சரத்தின் பக்கம் இழுத்தது இந்த விலை வித்தியாசம்கூட இல்லை, அளவு. குடும்பத்தில் ஷாம்புச் செலவைத் தீர்மானிப்பது ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் எவ்வளவு விழுகிறது என்பதுதான். பாட்டில் புதிதாக இருக்கும்போது பிள்ளைகள் கை நிறைய எடுப்பார்கள். முக்கால்வாசி தீர்ந்த பிறகுதான் சிக்கனம் வரும். ஒட்ட வெட்டிய தலைக்கு வேண்டியது ஒரு புளியங்கொட்டை அளவு. பம்பு வைத்த பாட்டிலும் இதற்கு மருந்தில்லை, ஒரு அழுத்துக்கு மூன்று அழுத்து அழுத்துவார்கள். பாக்கெட்டில் அந்தப் பேச்சே இல்லை. நீள முடிக்கு ஒன்று, ஆண்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகனும் அடுத்தடுத்துக் குளிப்பதால் கிழித்த பாக்கெட் ஜன்னல் திட்டில் வழிந்து கிடப்பதும் இல்லை.

அந்த ஒரு பாக்கெட் போதுமா என்பது தண்ணீரையும் எண்ணெயையும் பொறுத்தது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் பல வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் கோடையில் கரிக்கும். அந்தத் தண்ணீரில் நுரை குறைவாக வரும், நுரை வரவில்லையே என்று இன்னொரு பாக்கெட்டைக் கிழிப்போம். போதாததற்கு நம் மாவட்டத்தில் தலையில் எண்ணெய் வழிய வழியத் தேய்க்கும் பழக்கம். எண்ணெய் இருக்கும் தலையில் முதல் ஷாம்பு எண்ணெயை எடுப்பதிலேயே தீர்ந்துவிடும், நுரையே வராது. நாங்கள் செய்வது இதுதான்: சிறுபயற்றுப் பொடியைக் குழைத்துத் தேய்த்து முதலில் எண்ணெயை எடுத்துவிடுவது, அப்புறம் பாக்கெட்டைக் கப்பில் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கித் தலையில் ஊற்றுவது. கலக்கி ஊற்றினால் அடி முடி வரை பரவுகிறது, நீள முடிக்கும் ஒன்று போதும். ஆனால் கலக்கியதை எடுத்துவைத்து மறுநாள் போடக் கூடாது. தண்ணீர் சேர்ந்தால் ஷாம்பு கெடாமல் இருக்கப் போட்ட பொருளின் வீரியம் குறைந்து கிருமி வளரும்.

சரத்தின் பெரிய குறை குப்பை. பாட்டிலை ஆக்கர் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், எடுத்துக்கொள்வார்கள். பல அடுக்குப் பிளாஸ்டிக்கான பாக்கெட்டை யாரும் எடுப்பதில்லை. ஓடைக்குப் போனால் அது நேராகக் கடலுக்குத்தான் போகும். குளியலறையில் ஒரு டப்பா வைத்துச் சேர்த்து, ஊராட்சிக் குப்பை வண்டியில் கொடுக்கிறோம். அதற்குமேல் அந்தக் குப்பைக்கு என்னிடம் வழியில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே பாட்டில் வாங்குபவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

சீயக்காய் மாமியாருக்கு மட்டும். பள்ளிக்கு ஓடும் காலையில் பொடியை அலசி எடுக்கப் பிள்ளைகளுக்கு நேரம் கிடையாது.

இனி கண்டிஷனர். இங்கே பாக்கெட் எங்களுக்கு ஒத்துவரவில்லை, காரணம் அதே அளவுதான். கண்டிஷனர் முடியின் கீழ்ப்பாதிக்கு மட்டும் போட வேண்டியது, மண்டையில் தேய்த்தால் பிசுபிசுக்கும். பாக்கெட்டைக் கிழித்தால் முழுவதையும் போட்டுவிடத் தோன்றும். சின்ன பாட்டில் வாங்கி, வார நாட்களில் மகள் மட்டும் இரண்டு விரலில் எடுத்து நுனியில் தடவுகிறாள். விடுமுறை நாட்களில் அதுவும் வேண்டாம், வேலியில் நிற்கும் செம்பருத்தியில் இலை பறித்துக் கசக்கித் தாளி எடுத்துவிடுவோம். அந்த வழுவழுப்பு முடியில் சிக்கெடுக்கும் வேலையை நன்றாகவே செய்கிறது, காசும் இல்லை. மண்டைவரை அலச வேண்டும், இல்லையென்றால் இலைத்துணுக்கு சீப்பில் வரும். குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் தேய்ப்பதும் கண்டிஷனரின் வேலையைப் பாதி செய்துவிடும், ஏனென்றால் தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே இறங்கக்கூடியது. 2025-இல் அதன் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு, சொந்தத் தென்னையில் தேங்காய் உலர்த்திச் செக்கில் ஆட்டுபவர்களுக்குத்தான் அது மலிவு. கடையில் வாங்குபவர்கள் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பொடுகுக்கு மருத்துவர் எழுதித் தரும் ஷாம்பு இந்தக் கணக்கில் வராது, அதைச் சொன்ன அளவில், சொன்ன நேரம் வைத்துத்தான் போட வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் சுருள் முடியோ சாயம் போட்ட முடியோ இல்லை. அப்படிப்பட்ட தலைகளுக்கு ஒரு ரூபாய் பாக்கெட் போதும் என்று நான் சொல்லத் துணிய மாட்டேன்.