ப்யோலின் இரண்டு நாவல்கள்: எதை முதலில் எடுப்பது?

போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் நடக்கும் கிறிஸ்தவ நாவல் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் ஹைன்ரிஷ் ப்யோலைத்தான் சொல்வேன். கொலோன் நகரத்துக் கத்தோலிக்கர். ஹிட்லரின் ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர். 1972இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய எந்த நாவல் என்று வரும்போதுதான் வாசகர்கள் இரு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு கட்சிக்கு ‘மௌனமான வானதூதர்’, இன்னொன்றுக்கு ‘அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை’.

‘வானதூதர்’ 1950 வாக்கில் எழுதப்பட்டது. அச்சில் வந்ததோ 1992இல், ப்யோல் இறந்து ஏழு வருடம் கழித்து. போர், இடிபாடு என்றாலே ஜெர்மானியர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலம் என்பதால் அன்றைய பதிப்பாளர் துணியவில்லை. 1945 மே மாதம், போர் முடிந்த வேளையில் ஹான்ஸ் என்ற சிப்பாய் இடிந்த நகரத்துக்குத் திரும்புகிறான். தப்பியோடியதற்காக மரண தண்டனை பெற்றவன். கோம்பெர்ட்ஸ் என்ற இன்னொரு சிப்பாய் தன் சட்டையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, அவனுக்குப் பதிலாகத் தான் சுடப்பட்டுச் சாகிறான். ஒருவர் உயிருக்கு இன்னொருவர் உயிர் என்பதைச் சிலுவையைச் சுட்டிக்காட்டாமலே ப்யோல் சொல்லிவிடுகிறார். கதை முழுக்கப் பசி. ஒரு துண்டு ரொட்டி கைக்கு வருவதே இங்கே பெரிய சம்பவம். ஹான்ஸ் நிலக்கரி திருடிப் பிழைக்கிறான். அதைப் படித்து முகம் சுளிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: 1946 டிசம்பர் 31 அன்று கொலோன் பேராயர் கர்தினால் ஃபிரிங்ஸே, உழைத்தும் கேட்டும் கிடைக்காதபோது உயிர்வாழத் தேவையானதை ஒருவர் எடுத்துக்கொள்ளலாம் என்று பிரசங்க மேடையிலிருந்து சொன்னார்.

இந்த நாவல் இருட்டாக இருக்கிறது, நகரவே மாட்டேன் என்கிறது என்பது பலரின் குறை. நகராததுதான் அதன் பலம் என்று நான் நினைக்கிறேன். இடிபாட்டின் பயங்கரத்தை அந்தத் தலைமுறையில் ஓரளவேனும் காட்டியது இந்த நாவல்தான் என்று ஜெர்மன் எழுத்தாளர் செபால்ட் 1997இல் சூரிச் நகரில் ஆற்றிய உரைகளில் சொன்னார். ஆனால் ஃபிஷர் என்ற படித்த, பக்தியுள்ள பணக்காரர் பாத்திரம் விஷயத்தில் குறை சொல்பவர்கள் பக்கம்தான் நான். கோம்பெர்ட்ஸின் உயிலுக்காக அலையும் அந்த ஆளைப் பார்த்ததுமே வில்லன் என்று தெரிந்துவிடுகிறது.

1953இல் வந்த மற்ற நாவலில் வில்லனே தேவைப்படவில்லை. ஃபிரெட், கேட்டே என்ற தம்பதி மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். ஒரே அறை, மூன்று பிள்ளைகள், சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர்கள். அந்த நெரிசலும் வறுமையும் தாங்காமல் குடித்து, பிள்ளைகளை அடித்து, வெளியேறிவிட்ட ஃபிரெட், மனைவியை மலிவான ஹோட்டல் அறைகளில் சந்திக்கிறான். அவன் வேலை பார்ப்பது திருச்சபை அலுவலகத்தின் தொலைபேசி இணைப்பகத்தில்! வீட்டுக்காரி திருமதி ஃபிராங்கே தினமும் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிறவள், மாதாமாதம் ஆயரின் (பிஷப்பின்) மோதிரத்தை முத்தமிடுகிறவள். அவளால் இந்தக் குடும்பத்துக்கு வீடு கிடைக்காமல் போகிறது. கேட்டே சுவரிலிருந்து ஓயாமல் உதிரும் காரையை வாளி வாளியாகத் துடைத்துக்கொண்டே இருக்கும் பக்கங்கள் எனக்கு எந்த ஜெபத்தையும்விடப் பெரிதாகப் படுகின்றன. துடைக்கத் துடைக்க மறுபடி உதிர்கிறது, அவளும் மறுபடி துடைக்கிறாள்.

இது திருச்சபையைத் தாக்கும் புத்தகம் என்று சில விசுவாசிகளுக்கு வருத்தம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டே விசுவாசத்தை விடவே இல்லை. ஒரு சிற்றுண்டிக் கடையில், ஊனமுற்ற தகப்பனையும் மனவளர்ச்சி குன்றிய தம்பியையும் கவனித்துக்கொள்ளும் பெண்ணிடம் கணவனும் மனைவியும் தனித்தனியாகக் காண்பது, ஆயரின் ஊர்வலத்தில் அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று. ஃபிரெட்டை மன்னிக்க முடியவில்லை என்று சொல்பவர்களோடு மட்டும் என்னால் வாதாட முடியாது. பிள்ளைகளை அடித்தவன் அவன், கேட்டேயே அதை மறக்கவில்லை.

சரி, எதை எடுப்பது? விசுவாசத்துக்கு ஆறுதல் தேடி வருபவருக்கு இரண்டுமே சுலபமாக இருக்காது. ஒன்றுதான் படிக்க நேரம் உண்டு என்றால் 1953 நாவல் என்பேன். வானதூதரில் நல்லவர்களையும் கெட்டவர்களையும் ஆசிரியரே பிரித்துக் கொடுத்துவிடுகிறார். இதில் அந்த வேலை முழுக்க நம் தலையில் விழுகிறது, முடிவில் ஃபிரெட் வீடு திரும்பலாம் என்று நினைக்கும்போது அவனை நம்புவதா வேண்டாமா என்பது உட்பட. போரின் முடிவு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வருபவர்கள் மட்டும் வானதூதரிலிருந்து தொடங்கலாம்.