1,38,000 ரூபாய் கொடுத்துப் பனிமூட்டம் பார்த்து வந்த கதை

ஞாயிற்றுக்கிழமை இரவு மலைநாட்டிலிருந்து வந்து இறங்கினோம். இன்று வியாழன். கால்வலி போய்விட்டது, வயிற்றெரிச்சல் போகவில்லை. திருகோணமலையில் இன்னும் நாலு குடும்பம் இதே குழியில் விழக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என்னென்ன கவனிக்கவேண்டும் என்பதைக் கடைசியில் பத்து விடயங்களாகத் தருகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

போன காசு 1,38,000 ரூபாய். நான்கு பேருக்கு, மூன்று நாளுக்கு. இரண்டு வருடம் மாதம் தவறாமல் கட்டி எடுத்த சீட்டுக் காசு அது. மாரிக்கு முன்னர் கூரைக்கு ஓடு மாற்றலாம் என்று வைத்திருந்தேன். மகனுக்காக மனம் மாறினேன்.

அவனுக்குப் பதினான்கு வயது. பறவைப் பைத்தியம். நிலாவெளி உப்பளப் பக்கம் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், வெயிலில் நின்று, கண்ணில் பட்டதையெல்லாம் கொப்பியில் எழுதி வைப்பான். கடற்கரைப் பறவைகளில் அவனுக்குத் தெரியாதது குறைவு. மலைநாட்டுப் பறவைகளை மட்டும் அவன் கண்டதில்லை. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை இனங்கள் 30க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் சில மலைக்காட்டின் குளிரை விட்டுக் கீழே இறங்குவதில்லை. அதில் ஒன்றுதான் சீழ்க்கைப் பூங்குருவி. பறவை பார்ப்பவர்கள் அரேங்கா என்று சொல்வார்கள். ஆண் பறவை கருநீலம், தோளில் மட்டும் பளிச்சென்று ஒரு நீலப் பொட்டு. விடிகாலையிலும் அந்தியிலும்தான் வெளியே தலைகாட்டும். பட்டிப்பொல பக்கமாக ஹோட்டன் சமவெளிக்கு ஏறும் பாதையோரத்தில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. இந்தப் பறவையைப் பார்க்க வருகிறவர்கள் அந்தக் குளத்துக்கே அதன் பெயரை வைத்துவிட்டார்கள். இதெல்லாம் மகன் சொல்லி எனக்குத் தெரிந்தது. காசு வாங்கியவர் சொல்லி அல்ல.

சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து, பறவை பார்க்கவும் மலை நடைக்கும் ஆட்களைக் கூட்டிப்போகும் ஓர் ஏற்பாட்டாளர். பெயரைச் சொல்லப்போவதில்லை. "பெயரைப் போட்டால் நம்மீதே வழக்கு வைப்பான்" என்று என் கணவர் பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்று மலைநாட்டுத் தேசிய பூங்காக்கள், அனுபவமுள்ள வழிகாட்டி, ஆளுக்கொரு பைனாகுலர், நுழைவுச்சீட்டு, இரண்டு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, எல்லாம் உட்பட என்று விளம்பரம். அழைத்தேன். "அக்கா, நீங்கள் திருகோணமலையா? என் அம்மம்மா மூதூர்" என்றார் எடுத்த எடுப்பில். பாதி அங்கேயே இளகிவிட்டேன்.

மீதியை இளக்கியது ஒரு குரல் பதிவு. மறுநாள் காலை ஆறரைக்கு அனுப்பியிருந்தார். "தம்பிக்குப் போட்டுக் காட்டுங்கள் அக்கா, இன்று விடியற்காலை நான் நின்ற இடத்தில் பதிவு செய்தது." அரேங்காவின் குரல். கூர்மையாக ஒரு கீச்சு, பிறகு அமைதி, மறுபடி ஒரு கீச்சு. மகன் பாடசாலைக்குப் போகும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தான். சப்பாத்துக் கட்டும்போதும் காதில் கைப்பேசி. விடியற்காலைக் குளிரில் ஒரு குருவிக்காகக் காத்து நிற்கும் மனிதன் பொய்யனாக இருக்கமாட்டான் என்று நினைத்தேன். என் முட்டாள்தனத்தை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

வங்கிக் கணக்கு வேறு யாரோ ஒருவரின் பெயரில் இருந்தது. "எங்கள் கணக்காளர் அக்கா" என்றார். பற்றுச்சீட்டு கேட்டேன். "நமக்குள் என்ன அக்கா பற்றுச்சீட்டு?" என்றார். அந்த 'நமக்குள்' என்ற ஒரு சொல்லுக்கு நான் கொடுத்த விலை 1,38,000 ரூபாய். முழுத்தொகை. முற்பணம் மட்டும் கொடுக்கலாமா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. போயா என்ற பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்த நீண்ட வார இறுதி, இடம் முடிந்துவிடும் என்று அவசரப்படுத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை நான்கு மணிக்கு வரவேண்டிய வான் ஏழு நாற்பதுக்கு வந்தது. சாரதி மட்டும்தான். வழிகாட்டி எங்கே என்று கேட்டால், நுவரெலியாவில் ஏறுவார் என்றார். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, கண்டி என்று போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. வழிகாட்டி ஏறவில்லை. இரண்டு அறை ஒன்றாகியிருந்தது. நானும் தங்கையும் கட்டிலில், கணவரும் மகனும் தரையில். சுடுதண்ணீர்க் குழாயில் பனிக்கட்டிபோலத் தண்ணீர் வந்தது. சரி, ஒரு குருவிக்காகத்தானே வந்தோம் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

சனிக்கிழமை முதல் பூங்கா, ஹோட்டன் சமவெளி. மகன் நாலரைக்கே எழுந்து சப்பாத்து மாட்டி உட்கார்ந்திருந்தான். சாரதி எழுந்தது ஏழு மணிக்கு. "பனி கொஞ்சம் கலையட்டும்" என்றார். போய்வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே கதை நேர்மாறு. காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போதே உள்ளே போய்விட்டால் 'உலக முடிவு' என்ற மலை விளிம்பில் நின்று கீழே 870 மீற்றர் பள்ளத்தைப் பார்க்கலாம். நேரம் ஏற ஏற, பெரும்பாலும் ஒன்பது பத்து மணிக்குள், கீழிருந்து முகில் கிளம்பி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். நாங்கள் வாசலுக்குப் போனது ஒன்பது இருபதுக்கு. வழியில் அந்தக் குளத்தைக் கண்டு "நிறுத்துங்கள், நிறுத்துங்கள்" என்று மகன் கத்தினான். "திரும்பும்போது பார்ப்போம் தம்பி" என்று சாரதி ஹோர்னை அடித்துக்கொண்டே தாண்டிப்போனார். திரும்பும்போது பிற்பகல் மூன்று மணி, குளத்தைச் சுற்றி வாகனங்கள். அரேங்கா என்ன, ஒரு காகம்கூட இல்லை.

வாசலில் அடுத்த அடி. 'எல்லாம் உட்பட' என்பதில் நுழைவுச்சீட்டு உட்படாதாம். வரிசையில் நின்று நாங்களே எடுத்தோம். உள்ளே பொலித்தீன் கொண்டுபோக முடியாது என்பதை யாரும் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. ஊழியர் ஒருவர் எங்கள் பையைத் திறந்து, பிஸ்கற் உறைகளை ஒவ்வொன்றாகக் கிழித்து, பிஸ்கற்றைக் கடதாசியில் கொட்டித் தந்தார். தண்ணீர்ப் போத்தலின் லேபலையும் உரித்தெடுத்தார். அவரைக் குறை சொல்லவில்லை, பயணம் முழுவதிலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் அவர்தான். ஒரு வழிகாட்டி இருந்திருந்தால் முதல்நாளே சொல்லியிருப்பார்.

வழிகாட்டி? "உள்ளே ஒரே பாதைதான் அக்கா, ஒன்பது கிலோமீற்றர், சுற்றிக்கொண்டு இங்கேயே வந்துவிடும்" என்று சொல்லிவிட்டுச் சாரதி வானுக்குள் கால் நீட்டிப் படுத்துவிட்டார். படுப்பதற்கு முன்னர் எங்கள் கையில் பைனாகுலரைக் கொடுத்தார். ஆளுக்கொன்று அல்ல, நான்கு பேருக்கு ஒன்று. தோள்வார் அறுந்து, நீல நைலோன் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. இடப்பக்கக் கண்ணாடிக்குள் பூஞ்சணம் சிலந்திவலை மாதிரிப் படர்ந்திருந்தது. வலப்பக்கம் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் குவியம் சரிசெய்யும் சக்கரம் சுற்றச் சுற்ற வெறுமனே சுற்றியது. மகன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கிட்டப்போயும் எட்டப்போயும் பார்த்துவிட்டு மூடிகளைப் போட்டுவிட்டான். "கண்ணில் வைத்துக்கொண்டு நில்லுங்கள் தம்பி, ஒரு படம் எடுக்கிறேன்" என்று சாரதி அவனை நிறுத்தி வைத்து எடுத்தார். இந்தப் படத்தை நினைவில் வைத்திருங்கள்.

உலக முடிவில் நாங்கள் பார்த்தது வெள்ளை. வெள்ளையடித்த மதிலுக்கு முன்னால் நின்றதுபோல. தங்கை எடுத்த படத்தில் நான் யாருடைய கலியாண வீட்டுச் சுவருக்கும் முன்னால் நிற்கலாம். பேக்கர் நீர்வீழ்ச்சி அழகாகத்தான் இருந்தது, அதை மட்டும் அவர்களால் கெடுக்க முடியவில்லை. களைத்துத் திரும்பி வந்தால் வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் நின்றன. சாரதி எழுந்து வந்து, ஏதோ தானே வளர்த்ததைப்போல, "பாருங்கள், மான் காட்டியாயிற்று" என்றார். கோட்டை வாசலில் புள்ளிமான் வந்து கையிலிருக்கும் பையை இழுக்கிற ஊரில் பிறந்தவர்களிடம்! மரை வேறு, புள்ளிமான் வேறு என்று மகன் மெல்லிய குரலில் சொன்னான். அவன் தானாகவே தேடிக் கண்டுபிடித்த ஒரே உள்நாட்டுக்குரிய பறவை ஒரு மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி, அதுவும் கழிவறைக்குப் பக்கத்துப் புதரில். அதற்கு 1,38,000 ரூபாய்.

ஞாயிறு இரண்டாவது பூங்கா. கல்வேஸ் லேண்ட். நுவரெலியா நகருக்குப் பக்கத்திலேயே இருக்கும் 27 ஹெக்டயர் காடு. 1938இல் சரணாலயமாகி 2006இல் தேசிய பூங்காவானது. காஷ்மீர் ஈப்பிடிப்பான் மாதிரியான குளிர்கால விருந்தாளிகள் அங்கே வரும். மகன் கொப்பியில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, கோடு போட்டு, தலைப்பும் எழுதி வைத்திருந்தான். "அது பூட்டிக் கிடக்கிறது" என்று சாரதி எங்களை ஒரு ஸ்ட்ரோபெரிக் கடைக்கும் ஒரு தேயிலைக் கடைக்கும் கொண்டுபோய் இறக்கினார். இரண்டு கடைகளிலும் சாரதிக்குத் தேநீரும் கேக்கும் இலவசம் என்பதைக் கவனித்தேன். பொருட்களை எடுக்க விடுதிக்குத் திரும்பியபோது விடுதிக்காரரிடம் கேட்டால், பூங்கா திறந்துதானே இருக்கிறது என்கிறார்.

மூன்றாவது 'தேசிய பூங்கா' நக்கிள்ஸ். அது தேசிய பூங்காவே அல்ல, வனத் திணைக்களத்தின் பாதுகாக்கப்பட்ட வனம் என்று மகன் அப்போதுதான் சொன்னான். முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், "நீங்கள் மறுத்துவிடுவீர்கள் என்று பயந்தேன் அம்மா" என்கிறான். எப்படியானாலும் நாங்கள் அங்கே கால் வைக்கவில்லை. மாத்தளையில் ஒரு வாசனைத்திரவியத் தோட்டத்தில் நிறுத்தி மூலிகைத் தைலம் விற்கப் பார்த்தார்கள். பிறகு சாரதி ஜன்னல் வழியே விரலை நீட்டி, "அதோ, அந்த மலைப் பக்கம்தான் நக்கிள்ஸ்" என்றார். பார்த்தாயிற்று.

திங்கட்கிழமை அழைத்தேன். "அக்கா, பனி என் கையிலா இருக்கிறது?" என்றார் மூதூர்ப் பேரன். பனிக்காக அல்ல, வராத வழிகாட்டிக்காகவும் இல்லாத அறைக்காகவும் காசு கேட்கிறேன் என்றேன். கணக்காளரிடம் பேசுவதாகச் சொன்னார். செவ்வாய், கணக்காளர் விடுமுறையில். செவ்வாய் மாலை, அடுத்த பயணத்துக்கு நூற்றுக்குப் பத்துக் கழிவு தரலாம் என்று ஒரு செய்தி. புதன்கிழமை அதே இலக்கத்தில் ஒரு பெண் பேசினார். "உங்கள் பெயரில் எங்களிடம் பதிவே இல்லையே, பற்றுச்சீட்டு இலக்கம் என்ன?" என்று கேட்டார். நமக்குள் என்ன பற்றுச்சீட்டு!

அன்றிரவு மகன் கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டினான். அவர்களின் பக்கத்தில் அவனுடைய படம். 'அரேங்காவைக் கண்ட மகிழ்ச்சியில் திருகோணமலையின் இளம் பறவை ஆர்வலர்' என்று கீழே எழுதியிருந்தது. "பெரிதாக்கிப் பாருங்கள் அம்மா" என்றான். பைனாகுலரைக் கண்ணில் வைத்திருக்கிறான். முன்பக்க மூடி இரண்டும் கழற்றப்படவில்லை. படத்தை நீக்கச் சொல்லிக் கருத்திட்டேன், கருத்தை நீக்கினார்கள். மறுபடி இட்டேன், என்னையே தடுத்துவிட்டார்கள்.

அந்தக் குரல் பதிவையும் அவன்தான் துருவிக் கண்டுபிடித்தான். பறவைக் குரல்களைச் சேர்த்துவைத்திருக்கும் வெளிநாட்டு இணையத்தளம் ஒன்றில் அதே பதிவு இருக்கிறது, யாரோ பல வருடங்களுக்கு முன்னர் பதிவேற்றியது. 11ஆவது செக்கனில் தூரத்தே ஒரு லொறி ஹோர்ன் அடிக்கும். இரண்டிலும் அடிக்கிறது. இதில்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். 1,38,000 ரூபாயைவிட அதிகம் என்று எழுத வந்தேன், இல்லை, 1,38,000 ரூபாயும் சேர்த்துத்தான்.

பத்து விடயம் சொல்வதாகச் சொன்னேன். நேரம் பன்னிரண்டாகிறது, காலையில் வேலைக்குப் போகவேண்டும், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது; காசு போடுவதற்கு முன்னர் உங்களோடு வரப்போகும் ஆளின் அனுமதிப்பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வேறு பெயரில் இருக்கும் கணக்குக்கு ஐந்து சதமும் போடாதீர்கள். ஹோட்டன் சமவெளிக்கு ஆறு மணிக்கு முன்னர் வாசலில் நிற்போம் என்று எழுத்தில் வாங்குங்கள். பிஸ்கற்றைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போங்கள்.

நாளை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கப்போகிறேன். பற்றுச்சீட்டு இல்லாமல் என்ன செய்வார்களோ, கேட்டுப் பார்க்கவேண்டும். அந்தக் குரல் பதிவு உங்களுக்கும் வந்திருந்தால் 11ஆவது செக்கனைக் காது கொடுத்துக் கேளுங்கள். லொறி ஹோர்ன் கேட்டால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள், சேர்ந்து முறையிடலாம்.