எனர்ஜி ஜெல்லா கித்துள் கருப்பட்டியா? நுவரெலியா ஏத்தத்துல ரெண்டையும் பாவிச்சு பார்த்தாச்சு

முதல்லயே சொல்லிறேன், ஜெல், அதாவது ஓடும்போது தெம்புக்கு பிதுக்கி முழுங்குற சீனி பாக்கெட், வேலை செய்யுது, பொய் இல்ல. ஆனா அது கேக்குற காசுக்கு வேலை செய்யுதான்னுதான் இந்த ரிவியூ. பிராண்ட் பேர் போடல, ஏன்னா பாக்கெட்டை திருப்பி பார்த்தா எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒரே சாமான்தான் இருக்கு, மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுல இருந்து எடுக்கிற, சீக்கிரம் செரிக்கிற சத்து), ப்ரக்டோஸ் (பழச் சீனி), கொஞ்சம் உப்பு, சிலதுல கெஃபீன். ஒரு பாக்கெட்டுல பெரும்பாலும் 22லருந்து 25 கிராம் வரைக்கும் மாவுச்சத்து. வாயில வச்சா பிள்ளைகளுக்கு குடுக்கிற இருமல் பாணி மாதிரி கொழகொழன்னு இருக்கும், நுவரெலியா போற வழியில இருக்கிற லபுக்கலை குளிருக்கு இன்னும் கெட்டியாயிரும், விறைச்ச கையால பாக்கெட்டை பிதுக்குறதே ஒரு பாடு.

நாங்க பாவிச்சது கம்பளையில இருந்து புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை, டொப்பாஸ் வழியா நுவரெலியா போற ரோட்டுல, சைக்கிள்ல. தெரியாதவங்களுக்கு, கம்பளை 500 மீற்றர் கூட இருக்காது, நுவரெலியா டவுன் 1868 மீற்றர். றம்பொடை ஆஞ்சநேயர் கோயில் தாண்டின பிறகு வளைவு மேல வளைவு, மேல பார்த்தா நம்ம போக வேண்டிய ரோடே தலைக்கு மேல தெரியும், அதை பார்க்காம போறது நல்லது.

மச்சான் காலையில வெறும் ப்ளேன்டியோட (பால் போடாத தேத்தண்ணி) கிளம்பிட்டாரு. புசல்லாவை வரைக்கும் எங்களுக்கு முன்னாடி பறந்தாரு, பாட்டு வேற. றம்பொடை தாண்டி பாதி ஏத்தத்துல பாட்டு நின்னுச்சு, அப்புறம் பேச்சு நின்னுச்சு, அப்புறம் சும்மா கேட்ட கேள்விக்கு எரிஞ்சு விழுந்தாரு, நான் அப்பவே யோசிச்சேன் இது கோவம் இல்ல சீனி இறங்குதுன்னு. கொஞ்ச நேரத்துல கை நடுங்குது, குளிர்ல வேர்க்குது, காலுல ஒன்னுமே இல்லங்கிறாரு. கடையில இறங்கி தண்ணி போத்தலுக்கு காசு குடுக்க நோட்டு எண்ணுறாரு, எண்ண முடியல.

உள்ள நடக்குறது இதுதான். சதையிலயும் ஈரல்லயும் சேர்த்து நம்ம உடம்பு வச்சிருக்கிற கிளைக்கோஜன், அதாவது சேமிப்பு சீனி, அரை கிலோ கிட்டத்தான், சுமாரா 2000 கலோரி. அதுல ஈரல்ல இருக்கிறது 100 கிராம் போல, ரத்தத்துல சீனியை சரியா வச்சிருக்கிறது அதுதான், ராத்திரி தூங்கி எழும்பவே அதுல நிறைய செலவாயிருது. காலையில சாப்பிடாம ஏத்தம் மிதிச்சா மிச்சமும் முடியுது, சீனி இறங்குது, மூளை கத்துது. உடம்புல கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அது மெதுவாத்தான் எரியும், செங்குத்து ஏத்தம் கேக்குற வேகத்துக்கு தனியா ஈடு குடுக்காது. அதனால இது சாதாரண களைப்பு இல்ல, அஞ்சு நிமிஷம் கல்லுல உக்காந்தா போகாது, சீனி உள்ள போனாத்தான் போகும்.

மச்சானுக்கு முதல்ல ஜெல் ஒன்னு, கூடவே தண்ணி. தண்ணி கட்டாயம், இல்லன்னா அந்த கெட்டி பாணி வயித்துல கிடந்து பிரட்டும். கடைக்கார அம்மா பாக்கெட்டை வாங்கி பார்த்துட்டு "என்ன தம்பி இது, பல்லு விளக்குறதா?"ன்னு கேட்டாங்க. கால் மணித்தியாலம் போல ஆச்சு முகத்துல ரத்தம் வர. ஆனா அதோட நிக்கல, 25 கிராம் அந்த ஏத்தத்துக்கு எந்த மூலைக்கு, அதனால கிம்புலா பணிஸ் (மேல சீனி தூவின பணிஸ்) ஒன்னு, சீனி கூட போட்ட தேத்தண்ணி, அப்புறம் நான் கொண்டு போன கருப்பட்டி, கித்துள் மரத்து பதநீரை காய்ச்சி எடுக்கிற கட்டி. அதுக்கு பிறகுதான் மனுஷன் மன்னிப்பு கேட்டாரு.

இப்ப கருப்பட்டிக்கு வாரேன். தீப்பெட்டி அளவு கட்டி ஒன்னை தராசுல போட்டா 30 கிராம் வருது, பெரும்பகுதி சீனிதான், அதாவது கிட்டத்தட்ட ஒரு ஜெல். இதுல சீனி கலந்திருக்குன்னு எல்லாரும் புலம்புவாங்க, வட்டலப்பம் செய்யிறதுக்கு அது பெரிய குறைதான், மலை ஏறுறதுக்கு ஒரு குறையும் இல்ல. சீனின்னா பாதி குளுக்கோஸ் பாதி ப்ரக்டோஸ், ரெண்டும் குடல்ல வேற வேற வாசல் வழியா உள்ள போகுது. தனி குளுக்கோஸ்னா மணிக்கு 60 கிராமுக்கு மேல குடல் உறிஞ்சாது, கூட ப்ரக்டோஸ் சேர்ந்தா பழகின வயிறு 90 கிராம் வரைக்கும் தாங்கும். ஜெல் கம்பனிக்காரன் ரெண்டையும் கலந்து பெருசா விளம்பரம் போடுறான், கித்துள் மரம் விளம்பரம் போடாது.

இன்னொரு விஷயம், கருப்பட்டியை கடிச்சு முழுங்காம வாயில ஊற வச்சு பாருங்க, வயித்துக்கு போக முன்னாடியே ஒரு தெம்பு வரும். பிரமை இல்ல. 2004ல பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்காரங்க சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு மால்டோடெக்ஸ்ட்ரின் தண்ணியை குடுத்து வாயை கொப்பளிச்சு துப்ப சொன்னாங்க, அதுக்கே வேகம் கூடிச்சு. வாய்க்கு சத்து வருதுன்னு தெரிஞ்சதும் மூளை பிரேக்கை கொஞ்சம் விடுது போல. ஜெல் இல்லாம சாதாரண இனிப்பு வேலை செய்யுமான்னு சந்தேகம்னா இதையும் கேளுங்க, 1924ல பாஸ்டன் மரதன் ஓடி முடிச்சவங்க ரத்தத்தை சோதிச்சப்ப மோசமா விழுந்தவங்களுக்கு சீனி ரொம்ப இறங்கியிருந்துச்சு, அடுத்த வருஷம் ஓடும்போது இனிப்பு மிட்டாய் குடுத்தாங்க, பெரிய வித்தியாசம் தெரிஞ்சுச்சு. அப்ப ஜெல்லே கிடையாது.

கருப்பட்டியோட குறை, பொலித்தீன்ல சுத்தி பொக்கட்டுல போட்டா மூடுபனிக்கு கசிஞ்சு கையெல்லாம் பிசுக்கு. காஞ்ச வாழை இலையில சுத்தினா பரவால்ல. அப்புறம் மூச்சு வாங்கும்போது மெல்லுறது கஷ்டம், அங்கதான் ஜெல் ஜெயிக்குது. லபுக்கலைல இருந்து டொப்பாஸ் வரைக்கும் வாயை திறந்தா மூச்சுக்கே பத்தாது, அந்த நேரம் ஒரு பிதுக்கு, ஒரு மடக்கு தண்ணி, முடிஞ்சுது.

ஜீவனி, அதாவது உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓ.ஆர்.எஸ் தூள், கரைச்சு குடிச்சா போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. உப்புக்கு அது நல்லது, ஆனா உலக சுகாதார ஸ்தாபனத்தோட கணக்குல ஒரு லீற்றர் ஓ.ஆர்.எஸ்ல குளுக்கோஸ் 13.5 கிராம்தான், வயித்தோட்டத்துக்கு செஞ்ச மருந்து அது. சீனி தீர்ந்து விழுந்தவனுக்கு ஒரு லீற்றர் குடிச்சாலும் அரை ஜெல்தான் போயிருக்கும்.

சிவனொளிபாதமலைக்கு விரதம்னு வெறும் வயித்துல நல்லதண்ணிங்கிற ஊர்ல இருந்து ராத்திரி ஏறுறவங்களுக்கும் இதேதான். 2243 மீற்றர், படி ஆயிரக்கணக்குல. விரதம் முடியும்னா இருங்க, ஆனா பொக்கட்டுல ஒரு கட்டி இருக்கட்டும், சாமி கோவிச்சுக்காது. சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுறவங்க மட்டும் டொக்டர்கிட்ட கேட்டுட்டு ஏறுங்க. இனிப்பு குடுத்தும் அரை மணித்தியாலத்துல தெளியாம உளறினா அது வேற பிரச்சினை, ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க. தலை சுத்தும்போது சைக்கிளை திருப்பி இறக்கத்துல விடவே விடாதீங்க, அந்த வளைவுகள்ல பிரைவேட் பஸ் எப்படி வரும்னு நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல.

மார்க்கு போடுறதுன்னா ஜெல்லுக்கு அஞ்சுக்கு மூனு, கருப்பட்டிக்கு நாலு, கிம்புலா பணிஸும் தேத்தண்ணியும் சேர்ந்து நாலரை. ஒரு ஜெல் காசுக்கு இது மூனும் வாங்கலாம், மிச்சமும் வரும். கிளம்பி அரை மணித்தியாலத்துல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா தின்னுட்டு போனா மணிக்கு ரெண்டு தீப்பெட்டி அளவு எங்களுக்கு சரியா இருக்கு. ஜெல் வேணும்னா கடைசி ஏத்தத்துக்கு ஒன்னு ரெண்டு போதும், பெட்டியோட வாங்காதீங்க, முதல்ல ஒன்னை தின்னுட்டு வீட்டு பக்கத்துல ஓடி பார்த்து வயிறு ஏத்துக்குதான்னு பாருங்க, காலாவதி திகதியையும் பாருங்க. காலி பாக்கெட்டை தேயிலைக்குள்ள வீசாதீங்க, கொழுந்து எடுக்கிறவங்க கையில ஒட்டுது.