அஸ்பால்டீன் நிலைப்புத்தன்மை: ஒரு டைட்ரேட்டருடன் ஒன்பது ஆண்டுகள்

ஒரு கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் ஆய்வகத்தில், எண்ணெயிலுள்ள அஸ்பால்டீன் என்ற கனமான கரும்பொருள் பிரியாமல் நிற்குமா என்று அளக்க, ஏ.எஸ்.டி.எம். டி7157 என்ற தரச் சோதனை முறைப்படி இயங்கும் தானியங்கி டைட்ரேட்டரை ஒன்பது ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன். எண்ணெயை, அஸ்பால்டீனைக் கரைக்கும் டொலுயீனில் மூன்று விகிதங்களில் கரைத்து, ஒவ்வொன்றிலும் அதைக் கரைக்காத ஹெப்டேனைச் சிறிது சிறிதாக விட்டபடி, ஊடுருவும் ஒளியை அது பதிவு செய்கிறது. ஹெப்டேன் சேரச் சேரக் கரைசல் வெளிறி, திரையில் கோடு மேலே ஏறிக்கொண்டே போகும். அஸ்பால்டீன் திரளத் தொடங்கியதும் அதே கோடு கீழே திரும்பும். அந்த மூன்று திருப்பங்களிலிருந்து கிடைக்கும் எஸ் மதிப்பு 1-ஐ விட எவ்வளவு கூடுதலோ, எண்ணெய் அவ்வளவு தாக்குப்பிடிக்கும்.

கருவி வருவதற்கு முன் அஸ்பால்டீன் சதவீதத்தையே பெரிதும் நம்பியிருந்தோம். வெனிசுவேலாவின் பொஸ்கான் எண்ணெயில் ஏறத்தாழ 17 சதவீதம் இருந்தும் படிவுத் தொல்லை குறைவு; அல்ஜீரியாவின் ஹாசி மெஸ்ஸாவூத் எண்ணெயிலோ 0.15 சதவீதமே இருந்தும் கிணறுகள் அடைத்துக்கொண்டன. சுற்றியுள்ள பிற எண்ணெய்ச் சேர்மங்களான ரெசின்களும் அரோமாட்டிக்குகளும் அஸ்பால்டீனைத் தாங்கிப் பிடிக்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இருந்தும் மூன்றாம் ஆண்டில் தவறிவிட்டேன். தனித்தனியே நல்ல எஸ் மதிப்புக் காட்டிய இரண்டு எண்ணெய்களைக் கலந்ததும் வெப்பப் பரிமாற்றிகளில் படிவு ஏறியது. கலவையை நான் சோதித்திருக்கவில்லை. எண்ணெய்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்பதற்கு வீஹே, கென்னடி என்ற ஆய்வாளர்கள் தந்த கணக்கை அப்போதுதான் ஊன்றிப் படித்தேன். சிரியாவின் சூவெய்டி எண்ணெய்க்குக் கரையாமை எண் (அஸ்பால்டீன் கரைந்திருக்கத் தேவையான கரைதிறன்) 39, கரைதிறன் எண் (எண்ணெயின் கரைக்கும் திறன்) 63. வடகடலின் ஃபோர்ட்டீஸ் எண்ணெய்க்கு அவை 11, 27. கலவையின் கரைதிறன் எண் 39-க்குக் கீழே போனால் அஸ்பால்டீன் பிரியும். ஃபோர்ட்டீஸ் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டும்போது அது நேர்கிறது. ஆகவே, முடிவில் பாதிக்குப் பாதியாகவே கலப்பதாக இருந்தாலும், ஃபோர்ட்டீஸ் நிரம்பிய தொட்டியில் சூவெய்டியை ஊற்றினால் ஆபத்தான விகிதத்தைக் கடந்தே ஆக வேண்டும். சூவெய்டியில் ஃபோர்ட்டீஸை ஊற்றினால் அந்தச் சிக்கல் இல்லை. கலக்கும் வரிசைக்கு இவ்வளவு முக்கியத்துவம் உண்டென்பதை எனக்கு யாரும் முன்னரே சொல்லித்தரவில்லை.

கருவியைப் பற்றி ஒரு குறை: ஒளிமுனையின் கண்ணாடியில் பழுப்புப் படலம் மெல்ல ஏறும். கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே திருப்பம் இடம் மாறத் தொடங்கிவிடும் என்பதால், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் டொலுயீனால் கழுவுகிறேன். மெழுகு மிகுந்த எண்ணெயில் மெழுகுத் துகள்களும் ஒளியைத் தடுக்கும்; அத்தகைய எண்ணெயைச் சூடேற்றிய பிறகே சோதனைக்கு எடுக்கிறேன். ஐயம் எழும் நாளில் வடிதாளில் ஒரு சொட்டு விட்டு, 100 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் உலர்த்தி, அஸ்பால்டீன் பிரிந்ததைக் காட்டும் கருவளையம் நடுவில் தெரிகிறதா என்று பார்த்த பின்பே அறிக்கையில் கையெழுத்திடுகிறேன்.