கிழக்கு லண்டனில் ஓர் உணவு வங்கி: மூன்று முறை சென்றுவந்த அனுபவம்

கிடங்கு வேலை நின்றுபோன கடந்த குளிர்காலத்தில், கிழக்கு லண்டனில் தேவாலய மண்டபம் ஒன்றில் இயங்கும், கஷ்டப்படுபவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் தரும் உணவு வங்கிக்கு மூன்று முறை சென்றேன். அங்கே போகக் கூச்சப்பட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நேராகப் போய்ப் பொருள் வாங்க முடியாது. குடும்ப மருத்துவர், பள்ளி, சமூகப் பணியாளர் என யாராவது ஒருவர் பரிந்துரைத்து வவுச்சர் தர வேண்டும். எனக்குப் பிள்ளையின் பள்ளியில் கொடுத்தார்கள். உள்ளே நுழைந்ததும் தேநீர் தந்து உட்காரவைத்தார்கள். பட்டியல் எழுதிய யாழ்ப்பாணத்து அக்கா, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில், "தம்பி, வீட்டில காஸ் இருக்கோ? மீற்றரில காசு கிடக்கோ?" என்று கேட்டார். முன்பணம் போட்டால்தான் அடுப்பு எரியும் வீடு எங்களுடையது. மீற்றரில் ஒரு பவுண்டும் சில்லறையும்தான் மிச்சம். அதைச் சொன்னவுடன், வேகவைக்க வேண்டிய பாஸ்டாவை எடுத்துவிட்டு, வெந்நீர் ஊற்றினாலே சாப்பிடக்கூடிய நூடுல்ஸும் சூப்பும் வைத்தார். அந்தக் கேள்விக்காகவே இந்தச் சேவையை மனமாரப் பாராட்டுவேன்.

மூன்று நாளுக்கான பொதியில் டின் பீன்ஸ், தக்காளி, மீன், நெடுநாள் கெடாத பால், தேயிலை எல்லாம் இருந்தன. பருப்பு ஒருமுறையும் கிடைக்கவில்லை. பச்சைக் காய்கறி அரிது. வாரநாளில் இரண்டு மணிநேரம் மட்டும் திறப்பது பெரிய குறை, ஏனெனில் வருபவர்களில் பலர் வேலையில் இருப்பவர்கள். முதியோர் இல்லச் சீருடையைக் குளிர்ச்சட்டைக்குள் மறைத்தபடி, நேரத்தைப் பார்த்துப் பார்த்து வரிசையில் நின்ற பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை.

வேலை இல்லாதவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அரசு தரும் உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்தால் முதல் தொகை கைக்கு வர ஐந்து வாரம் ஆகிறது. இடையில் வாங்கும் முன்பணமோ கடன், பின்னால் வரும் தொகையிலிருந்து மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். பிரிட்டன் முழுவதும் உணவு வங்கிகளை ஒருங்கிணைக்கும் டிரசல் தொண்டு அமைப்பின் உணவு வங்கிகள் மட்டுமே 2023–24ஆம் ஆண்டில் 31 இலட்சத்துக்கும் அதிகமான பொதிகளை வழங்கின. அவற்றில் 11 இலட்சத்துக்கும் மேற்பட்டவை குழந்தைகளுக்கானவை. இவ்வளவு செல்வம் உள்ள நாட்டில் அரசு விட்ட இடைவெளியை அயலவர் தரும் டின்களால் அடைக்க வேண்டியிருப்பது எனக்கு ஆறாத கோபம்.

போகிறவர்கள் இரண்டு வலுவான பைகள் கொண்டுபோங்கள், பொதி கனக்கும். அடுத்த மேசையில் கடன் ஆலோசகர் இருந்தால் அவரிடமும் பேசிவிட்டு வாருங்கள். எங்கள் மீற்றருக்குப் பணம் போட வழிசெய்து தந்தவர் அவர்தான்.